எந்தப் பாட்டியின் வைத்தியம்?

வியர்வைக்கு வாடை கிடையாது. உடம்பிலிருந்து அப்போதுதான் சுரந்த வியர்வையை முகர்ந்து பார்த்தால் மூக்குக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருக்கும் ஒருவகைச் சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் கலந்த திரவத்தைச் சுரக்கின்றன. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்துத் தின்னும்போது வெளியாகும் கந்தகச் சேர்மங்களையும் கொழுப்பு அமிலங்களையும்தான் நாம் வியர்வை நாற்றம் என்கிறோம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியாவில் இந்த வேலையைச் செய்யும் நொதியை 2020-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாக விளக்கினார்கள். ஆக, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் பாக்டீரியா, கொஞ்சம் நேரம். இவை மூன்றும் சேர்ந்தால் கழனியில் நிற்பவரின் அக்குளும் நாறும், கருவறையில் நிற்பவரின் அக்குளும் நாறும்.

இதை முதலிலேயே எழுதிவிடக் காரணம் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாக என் வயதுத் தோழர்கள் பலர் ஸ்பிரேயை விட்டுவிட்டு 'இயற்கை டியோடரண்ட்'டுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். படிகாரக் கல், தேங்காய் எண்ணெயில் ஆப்பசோடா குழைத்த களிம்பு, வேப்பிலைத் தண்ணீர், எலுமிச்சை மூடி, நலங்கு மாவு என்று ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறார்கள். மாறுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நானும் மூன்று வருடமாக ஸ்பிரே வாங்குவதில்லை. ஆனால் அந்தப் பொருட்களோடு சேர்த்து ஒரு மொழியும் விற்கப்படுகிறது: தூய்மை, சாத்வீகம், நச்சு நீக்கம், மரபு, பாட்டி வைத்தியம். பொருளை வாங்கிக்கொள்ளலாம், அந்த மொழியை வாங்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கல்லும் களிம்பும்

முதலில் பொருட்களைப் பார்த்துவிடுவோம். இளைஞர்களுக்குப் பயன்படும் செய்தி இதில் இருக்கிறது.

ஸ்பிரேயைப் பற்றிய பெரிய அச்சம் அலுமினியம். வியர்வையையே நிறுத்தும் 'ஆன்டிபெர்ஸ்பிரன்ட்' வகைகளில் அலுமினிய உப்புகள் இருக்கும். அவை வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைக்கும். வெறும் டியோடரண்ட் வியர்வையை நிறுத்தாது; பாக்டீரியாவை ஒடுக்கும் அல்லது வாடையை மறைக்கும். அலுமினிய உப்பால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பேச்சுக்கு இதுவரை தெளிவான சான்று இல்லை என்றே அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் சொல்கிறது. சிறுநீரகம் பெரிதும் பழுதுபட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்த வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அலுமினியத்துக்குப் பயந்து பலர் ஓடிப்போய் வாங்கும் 'இயற்கைக் கிரிஸ்டல்' நம் படிகாரம்தான். படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். பெயரிலேயே அலுமினியம் இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது, பாக்டீரியாவை ஒடுக்குகிறது, தோலைச் சற்று இறுக்குகிறது. அதனால்தான் முகம் மழித்த பிறகு சலூனில் அதைத் தேய்த்துவிடுவார்கள். உத்திரமேரூர் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடையில் பத்து, இருபது ரூபாய்க்கு வாங்கிய கட்டி எனக்குப் பல மாதம் வருகிறது. அதே கல்லை வழவழப்பாக்கி, மரமூடி போட்டு, இலைப்படம் ஒட்டினால் சில நூறு ரூபாய். முடி திருத்தும் தோழரின் மேசையில் இருந்தவரை அதற்கு மரியாதை இல்லை. அங்கிருந்து கிளம்பி, பெயரை மாற்றிக்கொண்டு வந்த பிறகு அது 'மரபு' ஆகிவிட்டது.

ஆப்பசோடா வாடையைக் குறைக்கும். ஆனால் தோல் இயல்பில் இலேசான அமிலத்தன்மை கொண்டது, சோடா காரம். நாள்தோறும் தேய்த்தால் பலருக்கு எரிச்சலும் கருமையும் வரும். எலுமிச்சை நேர்மாறு; கடும் அமிலம். அதைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து திட்டுத் திட்டாகக் கறுக்கும். வெயிலில் வேலை செய்பவர்கள் தொடவே கூடாத வைத்தியம் அது. தேங்காய் எண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலம் பாக்டீரியாவை ஓரளவு தடுக்கும், சட்டையில் கறை விடும். வெட்டிவேர் மணக்கும், வியர்வையை நிறுத்தாது. 'ஸ்பிரேயை விட்ட முதல் இரண்டு வாரம் அக்குள் வழியாக நச்சு வெளியேறும், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். உடலின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை. அக்குளுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. உடல் வாடை திடீரென்று மாறினாலோ, வெயிலும் உழைப்பும் இல்லாமலே வியர்வை கொட்டினாலோ களிம்பு தேடாமல் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போவது நல்லது.

இவை எல்லாவற்றையும் விடப் பலனுள்ளவை இரண்டு. தண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டு அக்குளைக் கழுவுவது. துவைத்து வெயிலில் காயவைத்த பருத்திச் சட்டையைப் போடுவது. பாலியஸ்டர் துணியில் வாடை தங்குவதைப் பருத்தியோடு ஒப்பிட்டு ஆய்வுகளே வந்திருக்கின்றன. காவலாளிக்கும் கம்பெனித் தொழிலாளிக்கும் பாலியஸ்டரில் சீருடை தைத்துக் கொடுப்பது யார் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருவோம்.

ஆயாவின் குளியல்

உத்திரமேரூர் பக்கத்து ஊர் ஒன்றின் காலனியில் பிறந்து வளர்ந்தவள் நான். 'காலனி' என்ற சொல்லே வசையாகிப் போனதால் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து போகட்டும். ஊர்த்தெருவின் வாயிலிருந்து போக எவ்வளவு நாளாகுமோ தெரியாது.

'பாட்டி வைத்தியம்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும்: எந்தப் பாட்டி? பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், பயத்தம்பருப்பு, ரோஜா மொட்டு எல்லாம் வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து, குளியலறை மாடத்தில் டப்பாவில் வைத்திருந்த பாட்டியா? அந்த டப்பாவுக்குப் பின்னால் ஒரு மாடி இருக்கிறது, ஒரு குளியலறை இருக்கிறது, நிறைய ஓய்வு நேரம் இருக்கிறது. பல வீடுகளில் அந்த வேலையைச் செய்து கொடுத்த இன்னொரு பெண்ணும் இருக்கிறாள்.

என் ஆயாவுக்கு இவற்றில் எதுவும் இல்லை. விடிவதற்கு முன் கழனிக்குப் போனால் பொழுது சாய வருவாள். பகலெல்லாம் நடவுச் சேற்றில் குனிந்த உடம்பு. மோட்டார் கொட்டகையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும், ஆனால் அங்கே குளிக்கக் கழனிக்காரர் விடமாட்டார். வீட்டுக்கு வந்து, இருட்டட்டும் என்று காத்திருந்து, கீற்றுத் தட்டி மறைவில் இரண்டு குடம் தண்ணீரில் குளிப்பாள். தலைக்கு ஏரிக் களிமண். எப்போதாவது சீயக்காய். இதுவும் பாட்டி வைத்தியம்தான். இதற்கு யாரும் டப்பா போட்டு விற்பதில்லை.

அம்மா காலத்தில் லைஃப்பாய் வந்தது. சிவப்புக் கட்டி, மருந்து வாசம், நுரை. அதோடு ஷாம்புப் பாக்கெட்டும் வந்தது. கடலூர் சின்னி கிருஷ்ணன் முன்னெடுத்த பாக்கெட் வியாபாரத்தை அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய 'சிக்' நிறுவனம் சின்ன ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோனது. பெரிய பாட்டில் வாங்க முடியாத கூலிப் பெண் ஒரு பாக்கெட்டைக் கிழித்துத் தலை அலசினாள். முதலாளிகள் இலாபத்துக்காகத்தான் செய்தார்கள், மறுக்கவில்லை. பாக்கெட்டெல்லாம் இன்று வாய்க்காலில் குப்பையாகக் கிடக்கிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 'கெமிக்கல்' என்று இன்று நாம் முகம் சுளிக்கும் அந்தச் சோப்புதான், தேய்ப்பவரின் சாதியைக் கேட்காமல் ஒரே அளவு நுரைத்த முதல் பொருள். சேலையைத் துவைத்து உடுத்திக்கொண்டு அம்மா சந்தைக்குப் போனதில் ஒரு நிமிர்வு இருந்தது. அந்த நிமிர்வைக் 'கெமிக்கலுக்கு அடிமையானது' என்று யாரும் எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வைத்தியம் வீட்டில் செய்வது என்றால் முதலில் வீடு வேண்டும். அந்த வீட்டில் தண்ணீர், தாழிடக் கதவுள்ள குளியலறை, காலையில் அரை மணி நேரம் ஆகியவை வேண்டும். எங்கள் தெருவில் குழாய் வந்துவிட்டது. தண்ணீர் வரும் நேரமும் வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றாக இருப்பதால், வேலைக்குப் போகிறவர்கள் பாதிக் குளியலோடு ஓடுகிறார்கள். இந்தக் கணக்குக்குப் படிகாரத்தில் விடை கிடையாது.

வெட்கத்தை விற்ற கதை

உடல் வாடை ஒரு 'பிரச்சினை'யாக உலகச் சந்தைக்கு வந்தது ரொம்பப் பழைய காலத்தில் இல்லை. 1888-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 'மம்' என்ற களிம்பு வந்தது. பிறகு எட்னா மர்ஃபி என்ற இளம்பெண், அறுவை மருத்துவரான தன் தந்தை கை வியர்க்காமல் இருக்கச் செய்த திரவத்தை 'ஓடோரோனோ' என்று விற்றார். முதலில் விற்பனை மந்தம். 1919-இல் ஜேம்ஸ் யங் என்ற விளம்பரக்காரர் வழியை மாற்றினார். உன்னிடம் வாடை வருகிறது, யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள் என்று பெண்களைப் பயமுறுத்தினார். அந்த விளம்பரத்தைப் பார்த்துக் கோபப்பட்ட ஏறத்தாழ 200 பேர் பத்திரிகைச் சந்தாவையே நிறுத்தினார்கள். ஆனால் மறு ஆண்டு ஓடோரோனோ விற்பனை 112 விழுக்காடு உயர்ந்தது. மருந்தை விற்க முதலில் வெட்கத்தை விற்றார்கள்.

இந்தியாவில் அந்த வேலைக்கு விளம்பரக்காரர் தேவைப்படவில்லை. இங்கே வெட்கம் ஏற்கெனவே பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. யார் மணப்பவர், யார் நாறுபவர் என்று பிறக்கும் முன்பே எழுதிவைத்த சமூகம் இது. லக்னோவின் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகளை ஆராய்ந்த ஜோயல் லீ 2017-இல் எழுதிய கட்டுரையில், குப்பையும் சாக்கடையும் எந்தத் தெருப் பக்கம் திருப்பிவிடப்படுகின்றன என்பதன் வழியே சாதி மூக்குக்குள் எப்படி நுழைகிறது என்று காட்டுகிறார். முதலில் குப்பையை நம் தெருவுக்கு அனுப்புவது; பிறகு தெரு நாறுகிறது என்பது; கடைசியில் தெருவில் இருப்பவர்கள் நாறுகிறார்கள் என்பது. மூன்று படியில் கழிவு பிறவிக் குணமாக மாறிவிடுகிறது.

வாடை உடம்பில் இல்லை, குடியிருக்கும் இடத்தில் இருக்கிறது என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் எடுத்துக்காட்டு கொரியா. காதுக்குறும்பி ஈரமாக இருக்குமா, உலர்ந்திருக்குமா என்பதைத் தீர்மானிக்கும் ஏபிசிசி11 என்ற மரபணுவை 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அக்குள் வாடையையும் பெருமளவு தீர்மானிப்பது அதே மரபணுதான் என்று பிறகு தெரியவந்தது. கொரியர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் வாடை குறைந்த வகையே இருக்கிறது. உலகிலேயே அக்குள் நாற்றம் மிகக் குறைந்த மக்களில் அவர்களும் உண்டு. ஆனால் ஏழையின் வாடையை மையமாக வைத்து உலகையே உலுக்கிய படம் அந்த நாட்டிலிருந்துதான் வந்தது. பாங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' (2019) படத்தில் பணக்கார வீட்டுப் பையன் வேலைக்காரர்கள் ஒரே மாதிரி வாடை அடிப்பதைக் கண்டுபிடிக்கிறான். சோப்பை மாற்றலாமா என்று அவர்கள் யோசிக்கும்போது, இது பாதாள வீட்டின் வாடை, இங்கிருந்து போனால்தான் போகும் என்கிறாள் மகள். மரபணுவே வாடையை எடுத்துவிட்ட நாட்டில் வர்க்கம் அதைத் திரும்ப வைத்துவிட்டது. நம் நாட்டில் அந்த வேலையைச் சாதி செய்கிறது.

சௌசமும் பஞ்சகவ்வியமும்

உத்திரமேரூர் என்றதும் பாடப்புத்தகம் படித்த எல்லோருக்கும் குடவோலை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தக் கல்வெட்டைத்தான் இந்திய சனநாயகத்தின் பழமைக்குச் சான்றாகச் சொன்னார். அந்தச் சபையில் யார் உட்காரலாம் என்றும் கல்வெட்டு சொல்கிறது. சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும், 'சௌசம்' உடையவராக இருக்க வேண்டும். சௌசம் என்றால் தூய்மை. பொருளிலும் தூய்மை, உள்ளத்திலும் தூய்மை. அது சதுர்வேதிமங்கலத்துப் பார்ப்பனச் சபை. கழனியில் இறங்கியவர்கள் அந்தக் குடத்தின் பக்கமே வர முடியாது. நிலம், படிப்பு, தூய்மை மூன்றும் எங்கள் ஊர்ச் சுவரில் ஒரே பட்டியலில் இருக்கின்றன. தூய்மை என்பது எப்போதும் தனியாக வருவதில்லை. நிலத்தோடும் அதிகாரத்தோடும் சேர்ந்தே வருகிறது.

இந்தத் தூய்மைக்கும் சுத்தத்துக்கும் தொடர்பே இல்லை என்பதை மகத் காட்டியது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அதன்பின் சாதி இந்துக்கள் அந்தக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். எப்படி? பால், தயிர், சாணம், மூத்திரம் கலந்து 108 மண்குடங்களில் நிரப்பிக் குளத்தில் ஊற்றினார்கள். மனிதர்கள் கையால் அள்ளிக் குடித்த தண்ணீர் அழுக்கு, மாட்டுச் சாணம் கலந்த தண்ணீர் தூய்மை! பாக்டீரியாக் கணக்குப் போட்டால் தலைகீழ். கோமியம் சேர்த்த சோப்பு இன்றும் கடையில் 'இயற்கை' என்றே விற்கிறது. இயற்கை என்ற சொல் நம் நாட்டில் வெறும் செடிகொடியை மட்டும் குறிப்பதில்லை என்று இளைஞர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

அதே 1927 டிசம்பரில், மகத்தில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர் உடையைப் பற்றியும் சுத்தத்தைப் பற்றியும் பேசினார். தாழ்ந்தவள் என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்டாதீர்கள், கனத்த வெள்ளி நகைகளை விடுங்கள், சுத்தமாக இருங்கள் என்றார். எங்களுக்கு விதித்ததை நாங்கள் உடுத்த மாட்டோம் என்ற சுயமரியாதை அது. பெரியாருக்கோ குளிப்பதே பிடிக்காது என்பது ஊரறிந்த கதை. இருவரையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதில் எனக்குச் சிக்கல் இல்லை. குளிப்பது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. குளித்ததால் யாரும் உயர்ந்துவிடுவதில்லை, குளிக்காததால் யாரும் தாழ்ந்துவிடுவதில்லை.

வாடகைக்கு முன் வாடை

ஆராய்ச்சிப் படிப்புக்காகச் சென்னையில் வீடு தேடியபோது யாரும் என்னிடம் நேரடியாகச் சாதி கேட்கவில்லை. "சமைச்சா வாடை வருமாம்மா?" என்றுதான் கேட்டார்கள். வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால் வாடை. மீன், கருவாடு, மாட்டுக்கறி என்று பெயர் சொல்லிக் கேட்காமலே கேட்கும் வழி அது. நாகரிகமாகப் பேசுவதாகவே அவர்கள் நம்பினார்கள்.

கறி தின்பவர்களின் உடம்பு நாறும் என்பது இயற்கை வைத்தியப் பக்கங்களில் அடிக்கடி காணும் அறிவுரை. 2006-இல் செக் நாட்டில் நடந்த ஆய்வு, இறைச்சியை நிறுத்திய ஆண்களின் வாடை இதமாக இருந்ததாகச் சொன்னது. 2017-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்விலோ இறைச்சி, முட்டை, கொழுப்பு அதிகம் உண்டதாகச் சொன்னவர்களின் வியர்வை இதமாக இருந்தது. இரண்டும் சில பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள். இதை வைத்து யார் தட்டிலும் கைவைக்க முடியாது. உணவின் வாடை வியர்வையில் வருவது உண்மைதான். பூண்டு வரும். வெந்தயம் நன்றாகவே வரும். சாம்பாரில் போடும் வெந்தயத்தின் வாசம் வியர்வையில் வந்தால் அதற்கு 'வாடை' என்று பெயர் வைக்காத மூக்கு, மீனுக்கும் மாட்டுக்கும் மட்டும் அப்படிப் பெயர் வைக்கிறது. அந்த மூக்கைப் பழக்கியது சாதி.

'நாற்றம்' என்ற சொல்லுக்கே பழந்தமிழில் நறுமணம் என்றுதான் பொருள். பூவின் நாற்றம் என்றால் பூவின் மணம். சொல் கீழே தள்ளப்பட்டு நாளாகிவிட்டது. தள்ளப்பட்ட சொல்லை எடுத்து யாரை நோக்கி வீசினார்கள் என்று நமக்குத் தெரியும்.

எங்கள் வேம்பு, எங்கள் பண்டிதர்

அப்படியென்றால் மூலிகையை எல்லாம் அவர்களிடமே விட்டுவிடுவதா? கூடாது. அது நமக்கும் உரியது. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். நாடி பார்த்து மருந்து கொடுத்துக்கொண்டே 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். நான் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போகும்போது தாம்பரம் சானடோரியம் நிலையம் வரும். அங்கே தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரில்தான் இருக்கிறது. முடி திருத்தும் சமூகத்தார் மருத்துவர் என்றே அழைக்கப்பட்டார்கள். ஆண்கள் கட்டியும் புண்ணும் அறுத்து ஆற்றினார்கள், பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். பிறந்த குழந்தையை முதலில் தொட்ட கை அவர்களுடையது. அந்தக் கையைத்தான் பிறகு தீட்டு என்றார்கள். அறிவை எடுத்துக்கொண்டு கையை வெளியே நிறுத்துவது பழைய பழக்கம். இன்று படிகாரத்துக்கு நடப்பதும் அதுவே.

ஆகவே வேப்பிலையை நாம் கொதிக்கவைப்போம். பிடித்திருந்தால் நலங்கு மாவும் தேய்த்துக்கொள்வோம். அரிப்பு வருகிறது, காசு மிச்சம், குப்பை குறைவு என்று எந்தக் காரணத்துக்காகவும் ஸ்பிரேயை விடலாம். காலையிலிருந்து இரவு வரை மூன்று பேருந்து மாறி வேலைக்குப் போகும் ஒருவருக்கு ஸ்பிரேதான் வசதி என்றால் அதில் குற்றவுணர்ச்சி கொள்ளவும் எதுவும் இல்லை. வகுப்பறையில் நுழையும் முன் கழிப்பறைக்குப் போய் இரண்டு தடவை அடித்துக்கொண்டு வரும் முதல் தலைமுறை மாணவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அஞ்சுவது வியர்வைக்கு அல்ல. வாடை என்ற பெயரில் தங்களைப் பற்றி யாரோ தீர்ப்பு எழுதிவிடுவார்களோ என்றுதான். இயற்கைக்கு மாறிய தோழர்கள் அவர்களைப் பார்த்து 'ஏன் கெமிக்கல்?' என்று புருவம் உயர்த்தினால், பழைய தீர்ப்பைப் புதிய தாளில் எழுதுகிறார்கள்.

கேட்க வேண்டியது

உடல் வாடையில் உண்மையாகவே அக்கறை இருந்தால் கேட்க வேண்டிய கோரிக்கைகள் வேறு. எங்கள் மாவட்டத்தில் கம்பெனிப் பேருந்துகள் விடியலில் ஊர் ஊராக வந்து இளைஞர்களை ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஏற்றிப் போகின்றன. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் கெட்டுப்போன உணவால் நோய்வாய்ப்பட்டு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தபோதுதான், அவர்கள் தங்கிய விடுதிகளில் தரையில் நெருக்கிப் படுத்த நிலையும் தண்ணீரில்லாத கழிப்பறையும் வெளியே தெரிந்தன. குளிக்கத் தண்ணீர் இல்லாமல், மாற்றுச் சீருடை இல்லாமல், பாலியஸ்டர் உடுப்பில் ஒரு முழு ஷிப்ட் நின்ற உடம்பைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது? பருத்தியில் இரண்டு செட் சீருடை, வேலையிடத்தில் குளியலறை, துவைப்புப் படி ஆகியவை தொழிற்சங்கம் கேட்க வேண்டிய 'டியோடரண்ட்'.

வாடை சிலருக்கு வெட்கப் பிரச்சினையும் இல்லை, உயிர்ப் பிரச்சினை. சாக்கடைக் குழிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல் நாறும். அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். வாடை போய்விட்டது என்று இறங்கியவர் பிணமாக மேலே வருகிறார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடைச் சாவுக்கு 30 இலட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. சாவு நிற்கவில்லை. ஒரு நகரம் மணக்க வேண்டும் என்பதற்காக யாரை எந்தக் குழிக்குள் இறக்குகிறோம் என்று கேட்காமல், அக்குளுக்கு எது இயற்கை என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஊருக்குப் போகும்போது நானும் சில காரியங்கள் செய்ய முயல்கிறேன். போன கிராம சபையில் எங்கள் தெருப் பெண்கள் எழுந்து நின்று, தண்ணீர் விடும் நேரத்தை வேலைக்குக் கிளம்பும் முன்பாக மாற்ற வேண்டும், பொதுக் குளியலறையின் உடைந்த கதவைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டார்கள். மனு கொடுத்திருக்கிறோம். நேரத்தை அரை மணி முன்னே தள்ளியிருக்கிறார்கள். கதவு இன்னும் வரவில்லை. அடுத்த கிராம சபையிலும் கேட்போம்.